டவர் இல்லாத மலையிலும் ஸ்பீக்கர் பாடும்: போன் ஆடியோவை ராஸ்பெர்ரி பைக்கு ப்ளூடூத்தில் அனுப்புவது எப்படி?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு பஸ் ஏறியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வளைவுகள் கூடக் கூட, போனில் சிக்னல் கோடுகள் குறைந்துகொண்டே போகும். யூடியூப் சுற்ற ஆரம்பிக்கும். ஆன்லைனில் ஓடிய பாட்டு பாதியில் நிற்கும். ஆனால், டவுன்லோடு செய்து வைத்த பாட்டு மட்டும் ப்ளூடூத் இயர்பட்ஸில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

காரணம் ரொம்ப எளிது. ப்ளூடூத்துக்கு டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். போனும் எதிரில் இருக்கும் கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. நடுவில் எந்த கம்பெனியும் கிடையாது.

இந்த ஒரு வசதியை வைத்து என்ன செய்யலாம்? வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரை மறுபடி பாட வைக்கலாம். மலையில் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளியில், ஆசிரியரின் போனில் இருக்கும் பாடல்களை வகுப்பு முழுக்கக் கேட்க வைக்கலாம். அதற்கு நடுவில் உட்கார வேண்டியது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். அது எப்படி வேலை செய்கிறது, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையே இல்லை என்று பார்ப்போம்.

முதலில், இது என்ன போர்டு?

சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் என்றால் பிராசஸர், மெமரி, இணைப்புகள் எல்லாம் ஒரே பலகையில் இருக்கும் கம்ப்யூட்டர். அந்த வகையில் உலகம் முழுக்கப் பிரபலமானது ராஸ்பெர்ரி பை. பள்ளி மாணவர்கள் குறைந்த செலவில் புரோகிராமிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவானது. 2012 பிப்ரவரி 29-ல் முதல் போர்டு விற்பனைக்கு வந்தது.

அப்போது அதில் ப்ளூடூத் கிடையாது. 2016-ல் வந்த 'பை 3' மாடலில்தான் வைஃபையும் ப்ளூடூத்தும் போர்டிலேயே வந்தன. 2017-ல் 'ஜீரோ டபிள்யூ', 2021-ல் 'ஜீரோ 2 டபிள்யூ' என்று இன்னும் சின்ன மாடல்கள் வந்தன. 'ஜீரோ 2 டபிள்யூ' அறிமுகமானபோது அதன் விலை 15 டாலர். ஒரு 9 வாட்ஸ் எல்இடி பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரம்கூட இதற்குத் தேவையில்லை. பவர் பேங்கிலேயே ஓட்டலாம்.

போனிலிருந்து ஸ்பீக்கர் வரை: பாட்டு போகும் பாதை

ப்ளூடூத் 1994-ல் ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய ஆய்வு. கருவிகளுக்கு இடையே வயரை ஒழிப்பதுதான் நோக்கம். டென்மார்க்கை ஆண்ட 10-ம் நூற்றாண்டு மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர்தான் 'ப்ளூடூத்'. தரமான ஸ்டீரியோ ஒலியை அனுப்புவதற்கான 'ஏ2டிபி' என்ற விதிமுறை 2003-ல் வந்தது. இன்று உங்கள் இயர்பட்ஸ், கார் ஸ்டீரியோ பெரும்பாலும் பாட்டைக் கேட்க வைப்பது இதே விதிமுறையில்தான்.

இதில் இரண்டு வேடங்கள் உண்டு. ஒலியை அனுப்புபவர், ஒலியை வாங்குபவர். போன் எப்போதும் அனுப்புபவர். கம்ப்யூட்டரும் வழக்கமாக அனுப்புபவர்தான். லேப்டாப்பில் இருந்து ஹெட்செட்டுக்குப் பாட்டு போவது அப்படித்தான். ராஸ்பெர்ரி பையில் நாம் செய்யப்போவது இந்த வேடத்தை மாற்றுவது. கம்ப்யூட்டரை 'நீ இனிமேல் ஒரு ஸ்பீக்கர்' என்று நம்ப வைக்கிறோம். மொத்த வேலையும் இந்த ஒரு வரிதான்.

சரி, பாட்டு எப்படிப் போகிறது? போனில் இருக்கும் எம்பி3 ஃபைல் அப்படியே போவதில்லை. போன் முதலில் அதை முழு ஒலியாக விரிக்கிறது. பிறகு ப்ளூடூத்துக்கு ஏற்றபடி மறுபடி சுருக்குகிறது. இந்தச் சுருக்கும் முறைக்கு 'கோடெக்' என்று பெயர். எல்லா ஏ2டிபி கருவிகளிலும் கட்டாயம் இருக்க வேண்டிய கோடெக் 'எஸ்பிசி'. சிடி தரத்தில் ஒரு விநாடி ஒலிக்கு சுமார் 1,411 கிலோபிட் வேண்டும். எஸ்பிசி நல்ல தரத்தில் அதைச் சுமார் 328 கிலோபிட்டுக்குள் அடக்குகிறது. அந்தப் பக்கம் பை அதை மறுபடி விரித்து, டிஜிட்டலை அனலாக்காக மாற்றி, ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிறது.

இவை போவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யாரும் லைசென்ஸ் வாங்கத் தேவையில்லாத பாதை. அதனாலேயே வைஃபை முதல் மைக்ரோவேவ் ஓவன் வரை எல்லாமும் அங்கேதான். நெரிசலைச் சமாளிக்க ப்ளூடூத் ஒரு தந்திரம் செய்கிறது. 79 சேனல்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு சேனலில் இடைஞ்சல் வந்தால், அடுத்த நொடித்துளியில் வேறு சேனல்.

ஏன் கொஞ்சம் லேட்டாகக் கேட்கிறது?

கச்சிராயபாளையத்திலோ மூங்கில்துறைப்பட்டிலோ கூட்டுறவு சர்க்கரை ஆலை வாசலை அரவை சீசனில் பார்த்திருக்கிறீர்களா? கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். ஒரு டிராக்டர் வழியில் பஞ்சராகி லேட்டானாலும், வாசலில் நிற்கும் லோடு இருப்பதால் அரவை நிற்காது. வரிசை நீளமாக இருந்தால் ஆலைக்குப் பாதுகாப்பு. ஆனால், கடைசியில் வந்த லோடு அரைபட நேரமாகும்.

ப்ளூடூத் ஆடியோவும் அப்படித்தான். ஒலி சின்னச் சின்ன லோடுகளாக வருகிறது. வழியில் ஒன்று தவறினால் மறுபடி அனுப்ப வேண்டும். அதற்காக பை கொஞ்சம் ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டே வாசிக்கும். இதற்குப் பெயர் பஃபர். விளைவு, போனில் பிளே அழுத்திய பிறகு ஸ்பீக்கரில் வர விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு, சில நேரம் அதற்கு மேலும் தாமதம்.

பாட்டு கேட்க, கதை கேட்க இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால், போனையே மைக்காக்கி ஸ்பீக்கரில் பேசலாம் என்று நினைத்தால் சிக்கல். நீங்கள் பேசியது உங்களுக்கே தாமதமாகத் திரும்பக் கேட்கும்; நாக்கு தடுமாறும். மைக்குக்கு வயர்தான் சரி.

சில நூறு ரூபாய் ரிசீவர் போதாதா?

நியாயமான கேள்வி. ஆன்லைனிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்கு ப்ளூடூத் ரிசீவர் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் செருகினால் முடிந்தது வேலை. பை என்றால் போர்டு, மெமரி கார்டு, நல்ல சார்ஜர், ஒலி மாற்றி எல்லாம் சேர்த்து சில ஆயிரம் ஆகிவிடும். வெறும் பாட்டு கேட்க மட்டும்தான் என்றால் ரிசீவரே வாங்குங்கள். பை வேண்டாம்.

பிறகு எதற்கு பை? ரிசீவருக்கு ஒரு வேலைதான் தெரியும். போன் போய்விட்டால் அது ஊமை. பை ஒரு முழு கம்ப்யூட்டர். பகலில் போனில் இருந்து வரும் பாட்டை வாசிக்கும். அதே மெமரி கார்டில் பாடங்களைச் சேமித்து வைத்தால், ஆசிரியர் லீவு போட்ட நாளிலும் அவை இருக்கும். குறித்த நேரத்தில் மணி அடிக்க வைக்கலாம். அதையே ஒரு வைஃபை ஹாட்ஸ்பாட்டாக மாற்றி, இன்டர்நெட் இல்லாமலே பக்கத்தில் இருக்கும் போன்களுக்கு பாடங்களைக் கொடுக்கலாம். ஒரு வகுப்பில் ப்ளூடூத்தில் வாங்கும் ஒலியை, உள்ளூர் வைஃபை வழியாக அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் பை போர்டுகளுக்கும் ஒரே தாளத்தில் பிரித்துக் கொடுக்க 'ஸ்னாப்காஸ்ட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

ஆகவே கணக்கு இதுதான்: பெட்டி ஒரு வேலைதான் செய்ய வேண்டும் என்றால் ரிசீவர். இரண்டாவது வேலையும் இருந்தால் பை.

எப்படி அமைப்பது?

கடையில் வாங்கும் லிஸ்ட் சின்னதுதான். ப்ளூடூத் உள்ள பை போர்டு, நல்ல பிராண்டு மெமரி கார்டு, அந்த மாடலுக்கு ஏற்ற சார்ஜர், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஆடியோ வயர். இதில் ஒரு விஷயம் கவனம். பை 3, பை 4 மாடல்களில் இயர்போன் துளை உண்டு. ஜீரோ வகை போர்டுகளிலும் பை 5-லும் கிடையாது. அவற்றுக்கு யூஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்டு கார்டு தேவை. துளை உள்ள மாடல்களிலும் அந்தத் துளையில் லேசான இரைச்சல் இருக்கும் என்பதால், பெரிய ஸ்பீக்கருக்குப் போகிறது என்றால் தனி சவுண்டு கார்டே நல்லது.

பிறகு மென்பொருள். ராஸ்பெர்ரி பையின் சொந்த ஓஎஸ் லினக்ஸ் வகையைச் சேர்ந்தது, இலவசம். 'இமேஜர்' என்ற புரோகிராம் மூலம் லேப்டாப்பில் இருந்தே மெமரி கார்டில் எழுதிவிடலாம். எழுதும்போதே யூசர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரங்களைக் கொடுத்துவிட்டால், பைக்குத் தனியாக மானிட்டர், கீபோர்டு தேவைப்படாது.

லினக்ஸில் இரண்டு மென்பொருள்கள் கைகோத்து வேலை செய்கின்றன. 'ப்ளூஸி' என்பது ப்ளூடூத் இணைப்பைப் பார்த்துக்கொள்கிறது. 'பைப்வயர்' என்பது வந்த ஒலியை எந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்று பார்த்துக்கொள்கிறது. முதலாமவர் வாசலில் ஆளை உள்ளே விடும் வாட்ச்மேன். இரண்டாமவர் உள்ளே அறையைக் காட்டும் ஆள். பைப்வயருக்குப் பதிலாக 'ப்ளூஆல்ஸா' என்ற எளிமையான மென்பொருளையும் பலர் பயன்படுத்துகிறார்கள்.

செய்ய வேண்டிய படிகள் ஐந்து:

1. ஓஎஸ்-ஐ அப்டேட் செய்து, ப்ளூடூத், ஆடியோ மென்பொருள்களை இன்ஸ்டால் செய்யுங்கள்.
2. ப்ளூடூத் செட்டிங்கில் கருவியின் வகையை 'ஸ்பீக்கர்' என்று மாற்றி, ஒரு பெயர் வையுங்கள். 'வகுப்பறை 1' மாதிரி.
3. பையை மற்ற கருவிகளின் கண்ணுக்குத் தெரியும் நிலைக்குக் கொண்டு வாருங்கள்.
4. போனில் ப்ளூடூத் லிஸ்ட்டைத் திறந்து, அந்தப் பெயரைத் தொட்டு ஜோடி சேருங்கள்.
5. பையில் அந்த போனை 'நம்பகமானது' என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை கேள்வி கேட்காமல் இணைந்துவிடும்.

எங்கே மாட்டிக்கொள்வோம்?

'கனெக்டட்' என்று காட்டுகிறது, அடுத்த நொடி 'டிஸ்கனெக்டட்' ஆகிறது. புதிதாகச் செய்பவர்களைப் பாடாய்ப் படுத்துவது இதுதான். போனில் கோளாறு என்று நினைப்போம்; இருக்காது. வாட்ச்மேன் வேலைக்கு வந்துவிட்டார், அறை காட்டும் ஆள் வரவில்லை என்று அர்த்தம். பைப்வயர், யாராவது லாகின் ஆன பிறகுதான் ஓடத் தொடங்கும். மானிட்டர் இல்லாத பையில் லாகின் ஆக ஆளில்லை. தானாகவே லாகின் ஆகும்படி செட்டிங்கை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாட்டு விட்டு விட்டு வருகிறது. பையில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே சிப். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் முட்டிக்கொள்ளும். வைஃபை தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். தேவை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் உள்ள மாடலில் அதற்கு மாற்றுங்கள். இன்னொன்று: மனித உடல் பெரும்பாலும் தண்ணீர். அது இந்த அலையை நன்றாக உறிஞ்சும். போனுக்கும் பைக்கும் நடுவில் வகுப்பு நிறையப் பிள்ளைகள் உட்கார்ந்தால் சிக்னல் குறையும். பையைத் தரையில் வைக்காமல், தலைக்கு மேலே அலமாரியில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குள் வைத்தால் ப்ளூடூத் செத்துவிடும்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று உறுமல். பையும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு பிளக்கில் இருந்து கரன்ட் எடுக்கும்போது வரும் தொல்லை. பவர் பேங்கில் பையை ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் அதுதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவதும், வயர் நடுவில் ஆடியோ ஐசொலேட்டர் போடுவதும் தீர்வு.

கரன்ட் போய் வந்தால் பை எழவே இல்லை. மலையில் மழைக் காலத்தில் இது நிச்சயம் நடக்கும். மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல்கள் கெட்டுவிடும். எல்லாம் அமைத்து முடித்ததும், கார்டை 'படிக்க மட்டும்' நிலைக்கு மாற்றும் வசதி பையின் செட்டிங்கிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். கூடவே கார்டை அப்படியே ஒரு காப்பி எடுத்து பீரோவில் வைத்துவிட்டால், கெட்டாலும் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த நிலையில் புதிதாக ஜோடி சேர்த்த போனை, ஆஃப் செய்து ஆன் செய்ததும் பை மறந்துவிடும். ஆகவே தேவையான போன்களை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

வகுப்பு நடுவே வாட்ஸ்அப் சத்தம். போனில் வரும் எல்லா 'டிங்'கும் ஸ்பீக்கரில் முழங்கும். பாட்டு போடும் முன் ஏரோபிளேன் மோடு போட்டு, பிறகு ப்ளூடூத்தை மட்டும் ஆன் செய்யுங்கள். சிக்னல் பலவீனமான இடங்களில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். ஏரோபிளேன் மோடில் அதுவும் மிச்சம்.

கதவைத் திறந்து போடாதீர்கள்

ஜோடி சேரும்போது உங்கள் இயர்பட்ஸ் பாஸ்வேர்டு கேட்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? திரையும் பட்டனும் இல்லாத கருவிகள் 'சரி, வா' என்று ஒப்புக்கொள்ளும். பையையும் எந்நேரமும் அப்படி வைத்தால், சுற்றுவட்டத்தில் போன் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் நுழையலாம். வீட்டில் பக்கத்து வீட்டுத் தம்பி விளையாட்டுக்குப் பாட்டு போட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். பள்ளியிலோ கோயில் மைக் செட்டிலோ யாரோ ஒருவர் வேண்டாத ஆடியோவைப் போட்டுவிட்டால் அது ஊர்ப் பிரச்சினை.

ஆகவே, ஜோடி சேரும் சில நிமிடங்கள் தவிர மற்ற நேரத்தில் பை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும். ப்ளூஸியில் இயல்பாகவே 3 நிமிடத்தில் மறைந்துவிடும் செட்டிங்தான் உள்ளது. இணையத்தில் பல வழிகாட்டிகள் 'எப்போதும் தெரியும்படி மாற்று' என்று சொல்லும். பொது இடத்தில் அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே 'நம்பகமானது' என்று குறித்த போன்கள் மறைந்திருக்கும் பையோடும் இணையும். போர்டில் ஒரு சின்ன பட்டன் இணைத்து, அதை அழுத்தினால் மட்டும் கதவு திறக்கும்படி செய்வது இன்னும் நல்லது. அப்டேட்டும் முக்கியம். 2017-ல் வெளிவந்த 'ப்ளூபோர்ன்' ஓட்டை, ஜோடி சேராமலே ப்ளூடூத் வழியாகக் கருவிக்குள் நுழைய வழி விட்டது. ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ் மூன்றும் அதில் மாட்டின.

மலைக்கு இது ஏன் முக்கியம்?

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த அளவுக்கு அடிப்படைகளே பேசுபொருளாக இருக்கும் மலை இது.

ஒரு பை போர்டு ரோடு போடாது. டவருக்கு மாற்றும் ஆகாது. டவர் கேட்பது மக்களின் உரிமை, அது வர வேண்டும். ஆனால், அதுவரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாட்டும் கதையும் ஆட்டமும்தான் பாடம். அவற்றைக் கீழே வரும்போது போனில் டவுன்லோடு செய்துகொண்டு போகலாம். ஆனால், 20, 30 பிள்ளைகள் இருக்கும் அறையில் போன் ஸ்பீக்கர் முதல் வரிசையோடு நின்றுவிடும். கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அதே பாட்டு கேட்க வேண்டும் என்றால், போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தை மாதச் சந்தா இல்லாமல், கெட்டால் நாமே திறந்து பார்க்கும்படி அமைக்க முடியும்.

நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி வேலையில் இருந்து, ஊர் இந்தப் பக்கம் என்றால், பொங்கல் லீவில் ஒரு மதியம் போதும் இதைச் செய்து முடிக்க. லினக்ஸ் புதுசு என்றால் பயப்பட வேண்டாம். 2012-ல் இருந்து 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறது.

பள்ளிக்குச் செய்து கொடுப்பதாக இருந்தால், தலைமை ஆசிரியரிடம் முதலில் பேசிவிடுங்கள். அமைத்து முடித்ததும் அங்கே இருக்கும் ஓர் ஆசிரியரையும் இரண்டு மூத்த மாணவர்களையும் உட்கார வைத்து, கார்டு மாற்றுவது முதல் புது போன் சேர்ப்பது வரை அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள். தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி பெட்டி மேலே ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகும் அந்தப் பெட்டி பாட வேண்டும் இல்லையா?